மேக்கணக்கும் கீக்கணக்கும்

எங்க முதல் பாட்டுத் தொகுப்பு வெளிய வந்ததுல இருந்து எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க: "ரெண்டு பேரும் பாட்டு எங்க கத்துக்கிட்டீங்க?" ஒரு சுவத்துக்கிட்டத்தான்னு சொன்னா சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும், எனக்கென்ன.

நோர்வூட்டுக்கு மேல உள்ள தேயிலைத் தோட்டத்துல எங்க லயம்; ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க. எங்க காம்பராவுக்கு அடுத்த காம்பராதான் அண்ணன் வீடு. நடுவுல உள்ள சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. அவங்க வீட்டு ரொட்டி வாசமும் எங்க வீட்டுச் சண்டையும் அந்த இடைவெளியில தாராளமா போய் வரும். அண்ணன் பொண்டாட்டி, என் மதினி, கொழுந்து எடுத்துட்டு வந்து அடுப்படியில நிக்கிற நேரம் நான் இந்தப் பக்கம் கிட்டார எடுப்பேன். நானே கட்டுன பாட்டுங்கதான். மழை, கடைசி பஸ், ஹட்டன்ல நான் வேலை பாக்குற போன் கடை, அப்படி ஏதாச்சும். மதினி சுவத்துக்கு மேல சத்தம் குடுப்பாங்க: "இருக்கியாடி?" "இருக்கேன் மதினி." அவ்வளவுதான், பாட்டு தொடங்கிரும்.

என் மெட்ட அவங்க பாட மாட்டாங்க. அதுக்குக் கீழயே தனியா ஒரு வழி புடிச்சு, என் கூடவே வருவாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க தோட்டத்துல மேல் மலைப் பிரிவ மேக்கணக்குன்னும் கீழ உள்ளத கீக்கணக்குன்னும் சொல்லுவோம். அதையே குரலுக்கும் வச்சுக்கிட்டோம். நான் மேக்கணக்கு, மதினி கீக்கணக்கு.

பாட்டப் பதிவு பண்ண, டவுன்ல துணிக்கடை வச்சிருக்க முஸ்லிம் பெரியவர், நாங்க நானான்னு கூப்பிடுவோம், கடை மாடி ரூமக் குடுத்தாரு. "துணி நெறைஞ்ச ரூம்ல சத்தம் திரும்பி வராது மகள்"னு அவரேதான் யோசனை சொன்னாரு. கண்டியில இருந்து ஒருத்தர் மைக், லெப்டொப் எல்லாம் தூக்கிக்கிட்டு வந்தாரு. யார் என்ன பாடுறீங்கன்னு கேட்டாரு.

"நான் கீக்கணக்குங்க," மதினி வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாங்க.

"கணக்கா? பாட்டுக்குத்தானே வந்தீங்க?"

நானா சிரிச்ச சிரிப்புல கையில இருந்த அளவுகோல் கீழ விழுந்துருச்சு.

எதிர் எதிரா ரெண்டு நாற்காலி போட்டாரு. தொடங்குனோம். மதினி என் வாயையே பாத்துக்கிட்டு பாடுனாங்க, கொஞ்ச நேரத்துல என் மெட்டுக்கே ஏறிட்டாங்க. மறுபடி தொடங்குனோம், மறுபடி ஏறிட்டாங்க. அப்புறம் குரலே வரல. பதிவு பண்ண வந்தவர் தன்மையாத்தான் சொன்னாரு: "அக்காவ சிரமப்படுத்த வேணாம். ரெண்டு குரலையும் நீங்களே பாடுங்க, நான் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுர்றேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மதினி பையத் தூக்கிட்டாங்க. "அவரு சொல்றதும் சரிதானே. நீயே பாடிரு. எனக்கு விடிஞ்சா பெரட்டுல பேர் குடுக்க நிக்கணும். என் சத்தம் வேணும்னு யாரு கேட்டா?"

"நான் கேக்குறேன்! நீங்க இல்லாட்டி பாட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கிட்டார அடுப்புல வச்சுருவேன், பாத்துக்கங்க!" கத்திட்டேன். கத்துனதோட அழுதும் தொலைச்சேன். வெக்கக்கேடு.

என் கண்ணத் தொடைக்க கிட்ட வந்தாங்க. அவ்வளவு கிட்டத்துல அவங்க முகத்தப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுச்சு. இத்தன வருசத்துல பாடுறப்ப இந்த முகத்த நான் பாத்ததே இல்ல. அவங்களும் என் முகத்தப் பாத்ததில்ல. சுவர் இல்லாம நாங்க பாடுனதே இல்ல!

"நானா, ஒரு சுவர் கட்டணும்."

"யா அல்லாஹ், கடைக்குள்ளயா?"

சாரக் கட்டு, கம்பளிக் கட்டு, ஸ்கூல் வெள்ளைத் துணிக் கட்டு எல்லாத்தையும் ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல அடுக்குனோம். நானாவே ஏணியில ஏறி நின்னு வாங்கி வச்சாரு. கூரை வரைக்கும் போக வேணாம், மேல கொஞ்சம் விட்டுருங்கன்னு நான் கீழ நின்னு கத்திக்கிட்டே இருந்தேன்.

ஆளுக்கொரு பக்கம் உக்காந்தோம். துணிக்கு மேலால வந்துச்சு: "இருக்கியாடி?"

"இருக்கேன் மதினி."

அப்புறம் பாடுனோம் பாருங்க! மதினி கீக்கணக்க விட்டு ஒரு அடி மேல ஏறல. முடிஞ்சதும், பதிவு பண்ணவர் மொதல்ல வர்ற அந்த 'இருக்கியாடி'ய வெட்டிரவான்னு கேட்டாரு. கைய வச்சுப் பாருங்கன்னேன்.

தொகுப்பு வெளிய வந்தும் மதினி அதக் கேக்கல. வெக்கமா இருக்கு, வேணாம்னு தட்டிக்கிட்டே வந்தாங்க. ஒரு சாயந்தரம் அவங்க வேலையில இருந்து வந்து மாவு பெசையிற நேரம் பாத்து, நான் இந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல போட்டுவிட்டேன்.

"இருக்கியாடி?"

அந்தப் பக்கம் மாவு பெசையிற சத்தம் நின்னுச்சு. "யாருடி அது? உங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. அது நீங்கதான் மதினி."

"பொய் சொல்லாத."

பாட்டு ஓடி முடிஞ்சுச்சு.

"நல்லாத்தான்டி பாடுறா," யாரையோ சொல்ற மாதிரி சொன்னாங்க. "இன்னொருக்கா போடு."