இடது கைக் கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன்.

வேண்டுமென்று இல்லை. கையில் ஒரு ரிமோட் இருந்தது. அவ்வளவுதான்.

முன்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், எங்கள் வீட்டு வை-ஃபை பெட்டியை நானே சரிசெய்த பிரதாபத்தை எழுதியிருந்தேன். (உண்மையில் ஆஃப் செய்து ஆன் செய்தேன். அதை எழுதவில்லை!) அதைப் படித்துவிட்டு என் சிநேகிதி மல்லிகா போன் செய்தாள். மல்லிகாவின் கணவர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். அவர்கள் பெண் நிவேதாவுக்குக் கல்யாணம்.

"ஏய், உங்க அப்பார்ட்மென்ட்ல ஒரு புரொஜெக்டர் இருக்குல்ல? அதைக் கொண்டாந்து மாட்டிக் குடுடி. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே!"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதிவிட்டேனே... இனிமேல் எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். தில்லைநகர்ப் பக்கம் அந்த மண்டபம். சாப்பாட்டு ஹால் கீழே, மணமேடை மாடியில். லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை கார்த்தி வையம்பட்டிக்காரன். அவனுடைய அத்தை தனபாக்கியத்துக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். கார்த்தி ஆறாம் வகுப்பிலிருந்து அந்த அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தான். இன்றைக்குத் துவாக்குடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறான் என்றால் அதில் பாதி அத்தைதான். "அத்தை பார்க்காம நான் தாலி கட்ட மாட்டேன்" என்று அவன் வேறு சொல்லிவிட்டான்.

படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பிசியோதெரபி செய்யும் பெண்ணும் கெஞ்சிப் பார்த்தாயிற்று. அத்தைக்குப் பயம். முதல் படியில் கால் வைத்ததுமே உடம்பெல்லாம் வேர்த்துவிடுமாம். சரி, நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றால்...

"நாலு பேர் தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்கு. அப்பத் தூக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்!"

அதனால்தான் மல்லிகாவுக்கு இந்த யோசனை. மாடியில் நடக்கிற கல்யாணத்தைக் கீழே பெரிய திரையில் அப்படியே காட்டிவிடுவது. அத்தை சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே தாலி கட்டுவதைப் பார்த்துவிடலாம்.

காலை ஐந்தரைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ. மடியில் புரொஜெக்டர், காலடியில் வயர் மூட்டை, தோளில் லேப்டாப். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இப்படி ஒரு பிரயாணம் நான் போனதில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "கச்சேரியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அது பொய்யில்லை.

திரைக்கு மல்லிகாவின் கணவர் ஒரு புது எட்டு முழ வேட்டியைக் கொடுத்தார். சாப்பாட்டு ஹால் சுவர் ஆணிகளில் இழுத்துக் கட்டினோம். கரை மேலேயும் கீழேயும் வந்ததில் பிரேம் போட்ட மாதிரி ஜோராக இருந்தது. அதற்கு நேர் எதிரே, கை வைத்த நாற்காலியில், ஊன்றுகோலும் காபி டம்ளருமாக அத்தை. மண்டபத்தில் எல்லோருக்கும் அவர் அத்தைதான். வயதைப் பார்த்து நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன்.

"ஏம்மா, இதுல தெளிவாத் தெரியுமா?"

"சினிமா மாதிரி தெரியும்க்கா!"

முதல் சுற்று. வீடியோகிராபர் பாஸ்கர் — தாடி வைத்த, எதற்கும் பதறாத மனிதர் — கல்யாணத்தை யூடியூபில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார். அந்த லிங்க்கை என் லேப்டாப்பில் திறந்து, லேப்டாப்பைப் புரொஜெக்டரில் சொருகினேன். வேட்டியில் படம் வந்தேவிட்டது! எனக்கே கை தட்டிக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் மாடியில் நாதஸ்வரம் ஒரு பாட்டை முடித்து அடுத்ததை எடுத்துவிட்டது. வேட்டியில் இருந்த நாதஸ்வரக்காரர் இன்னும் பழைய பாட்டுக்கே கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார். நேரலை அரை நிமிடம் தாமதமாக வருமாம்.

அத்தை கண்டுபிடித்துவிட்டார். "இங்க பாரும்மா, மேல கெட்டிமேளம் கொட்டி முடிச்சு, எல்லாரும் அட்சதையும் போட்டு முடிச்சப்புறம் எனக்குத் தாலி கட்டிக் காட்டுவியா? ஆறிப்போன தாலி எனக்கு வேணாம்."

நியாயம்தானே? லேப்டாப்பை ஓரம் கட்டினேன். பாஸ்கரின் கேமராவிலிருந்தே நேராக ஒரு நீள எச்டிஎம்ஐ கேபிளை மாடிப்படி ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினோம். சொருகினேன். 'நோ சிக்னல்.' பிடுங்கிச் சொருகினேன். 'நோ சிக்னல்.' ஊதிச் சொருகினேன்... அதேதான். பாஸ்கர் நிதானமாக இறங்கி வந்து, கேபிள் முனையில் இருந்த ஒரு குட்டி அம்புக்குறியைக் காட்டினார்.

"நீளக் கேபிளுக்கு இந்த முனை கேமரா, அந்த முனை புரொஜெக்டர்னு இருக்குங்க. நாம தலைகீழா இழுத்துட்டோம்."

'நாம' என்றார் பாருங்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

கேபிளைத் திருப்பினோம். படம் வந்தது — தலைகீழாக. எங்கள் அப்பார்ட்மென்டில் அந்தப் புரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிட்டிருப்போம். அதற்கேற்ற செட்டிங்கில் அது இருந்தது. இங்கே மேஜை மேல் வைத்ததால் மேடைக் குத்துவிளக்கு சுடரைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு எரிந்தது. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்குகிறது. ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போனேன். மூக்குக் கண்ணாடி கைப்பையில், கைப்பை மல்லிகாவிடம், மல்லிகா மாடியில். குத்துமதிப்பாக ஒரு பட்டன். குத்துவிளக்கு நிமிர்ந்துவிட்டது!

"வந்துடுச்சுக்கா!"

"மகராசியா இரு" என்றார் அத்தை. நான் மிதந்தேன்.

பொண்ணை மேடைக்கு அழைத்தார்கள். பாஸ்கர் கேமராவைக் காலடிக்கு அருகில் கொண்டுபோய் அழகாகக் காட்டினார். அத்தையின் புருவம் சுருங்கியது.

"இடது காலை எடுத்து வச்சு ஏறுதே பொண்ணு?"

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "பதட்டமா இருக்கும்க்கா. சின்னப் பொண்ணு."

"சரி, போகட்டும்."

அடுத்து கார்த்தி திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டான். இடது கையால்.

"ஏன் இவன் இடது கையால பூசுறான்? எங்க வீட்டுல இருந்தவரைக்கும் இடது கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கினது இல்லையே!"

வலது கையில் மோதிரம் இறுக்கமோ என்னவோ என்று ஏதோ உளறினேன். வையம்பட்டியிலிருந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இலையைப் பிடித்தபடியே திரும்பி உட்கார்ந்தார்கள்.

பிறகுதான் காப்பு கட்டினார்கள். உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கு வலது மணிக்கட்டில், பொண்ணுக்கு இடது மணிக்கட்டில். வேட்டியில் என்ன தெரிந்தது? கார்த்திக்கு இடது கையில். நிவேதாவுக்கு வலது கையில்!

காபி டம்ளர் 'டங்' என்று மேஜையில் இறங்கியது.

"மாத்திக் கட்டிட்டாங்க! அடப்பாவிகளா, காப்பையே மாத்திக் கட்டிட்டாங்க! இதுகூடத் தெரியாத ஐயரை எங்க புடிச்சீங்க?"

அத்தை தன் தம்பிக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, போன் போட்டார். இதில் என்ன விசேஷம் என்றால், தம்பி எங்கள் வேட்டியிலேயே இருக்கிறார். பையிலிருந்து போனை எடுப்பது தெரிகிறது. யார் என்று பார்ப்பது தெரிகிறது. மேளச் சத்தத்தில் பேச முடியாது என்று கட் செய்து மறுபடி பைக்குள் போடுவதும் பளிச்சென்று தெரிகிறது.

"என் போனைக் கட் பண்றான்! என் கண்ணு முன்னாடியே கட் பண்றான்!"

நேரடி ஒளிபரப்பில் இப்படி ஒரு ஆபத்து இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அத்தை எழுந்தார். ஊன்றுகோலை எடுத்தார். மாடிப்படியைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மணமேடையில் போய்ச் சத்தம் போட்டால் என்ன ஆகும்? ஐயருடன் சண்டை, சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம், மல்லிகா முகத்தில் நான் எப்படி முழிப்பது?

"அக்கா, மெதுவா... பொண்ணு கூறைப்புடவை மாத்தப் போயிருக்கு, இன்னும் நேரம் இருக்கு..."

அத்தை நிற்கவில்லை. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை ஊன்றுகோலில். முதல் படி. இரண்டாவது. மூன்றாவது.

எட்டாவது படியில் இருந்தபோது மேலேயிருந்து ஒரு பெண் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். முந்தானை இடது தோளில். சட்டென்று எனக்குள் ஒரு மணி அடித்தது. கீழே வேட்டியில் தெரிந்த பெண்களுக்கெல்லாம் முந்தானை எந்தத் தோளில் இருந்தது? வலது தோளில்! மல்லிகா உட்பட! மல்லிகா எப்போது வடநாட்டுக் கட்டு கட்ட ஆரம்பித்தாள்?

அடக் கடவுளே. காப்பு மாறவில்லை. படம் மாறியிருக்கிறது. நான் அமுக்கிய பட்டன் படத்தை நிமிர்த்தியதோடு, இடதையும் வலதையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் போட்டுவிட்டது. கல்யாணம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. நான் காட்டியதுதான் கோணல்.

"அக்கா... ஒரு விஷயம்..."

"பேசாதே. மூச்சு வாங்குது."

அப்போதுதான் கவனித்தேன். ஒன்பதாவது படி. மூன்று மாதமாக ஒரு படிக்கு வேர்த்தவர் ஒன்பதாவதில் நிற்கிறார். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கோபம் போய்விடும். கோபம் போனால் பயம் வந்துவிடும். அப்படியே திரும்பிவிடுவார்.

சொல்லவா, வேண்டாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் வாயை மூடிக்கொண்டேன். தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு கையையும் விரித்தபடி ஒரு படி பின்னால் ஏறினேன். பத்து. பன்னிரண்டு. திருப்பத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு மறுபடி.

மேலே ஹாலில் நுழைந்த வேகத்துக்கு ஊன்றுகோலே பின்தங்கிவிட்டது. நேராக மணமேடை. நிவேதா கூறைப்புடவையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை வாயைத் திறந்தார். கார்த்தியின் கையைப் பார்த்தார். வலது கையில் காப்பு. நிவேதாவைப் பார்த்தார். இடது கையில் காப்பு. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

கார்த்தி நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தை! ஏறியா வந்தீங்க?"

மாலையோடு பாதி எழுந்தே விட்டான். "உக்காருங்கோ, உக்காருங்கோ" என்று ஐயர் தோளைப் பிடித்து அமுக்கினார். அவன் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. அத்தைக்கும் அதே கதைதான். சண்டை போட வந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, "கட்டுடா சாமி, கட்டு, நேரமாகுது" என்றார்.

கெட்டிமேளம். அட்சதையை அத்தை வலது கை நிறைய அள்ளிப் போட்டார். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

எல்லாம் முடிந்து அத்தைக்கு ஒரு நாற்காலி போட்ட பிறகு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டன் விவகாரத்தை ஒப்புக்கொண்டேன். எட்டாவது படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சேர்த்து. திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அத்தை மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "மொத்தம் எத்தனை படி தெரியுமா? இருபத்தி ரெண்டு. கோவத்துலயும் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

பிறகு சிரித்தார் பாருங்கள், மேளக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

இறங்கும்போது கார்த்தி ஒரு பக்கம், நிவேதா ஒரு பக்கம். கீழே இரண்டாவது பந்தி, கேமரா தள்ளிப்போய் மேடை முழுவதையும் காட்ட, பின்னால் தெர்மோகோலில் ஒட்டியிருந்த பெயர்கள் வேட்டியில் இடம்வலம் மாறித் தெரிந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றபடியே பாயசம் குடித்துக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரியான பட்டனை அமுக்கினேன். ஒரு வினாடி வேலை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றுதான் தோன்றியது. கெஞ்சினோம், தைரியம் சொன்னோம், தூக்கிக்கொண்டு போகவும் பார்த்தோம். எதற்கும் அசையாத கால், பிள்ளைக்கு ஏதோ தப்பு நடக்கிறது என்றதும் எழுந்து நடந்துவிட்டது. கோபம் கோபம் என்கிறோமே, அதில் பாதி பாசம்தான். சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.

நேற்று மதியம் வையம்பட்டியிலிருந்து போன்.

"ஏம்மா, தனபாக்கியம் பேசுறேன். எங்க எதிர்வீட்டு ராசாத்திக்கும் மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கு. வர்ற மாசம் அவ மகன் மாடி கட்டிப் பால் காய்ச்சுறான். இவ படி ஏற மாட்டேங்கிறா. அந்த மிஷினை எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"அதுக்கென்னக்கா, கட்டாயம் வரேன். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நேராவே காட்டிடுறேன்."

"அடி போடி! நேராக் காட்டுறதுக்கா உன்னைக் கூப்பிடுறேன்?"