நாற்பதுக்கு முன் பிறந்தவர்கள்

"தட்டச்சர், இரண்டாம் நிலை, தற்காலிகம். கொடுத்ததை அடிக்க வேண்டும். சுயமாக முடிவெடுக்கும் அவசியம் இப்பணியில் எழாது."

ஆஸ்பத்திரியின் பணியாளர் கோப்பில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. இரண்டே விரலால் அடிக்கும் அந்தத் தட்டச்சர்தான் பத்தொன்பது வருடமாக அங்கிருந்த கோபோல் என்ற பழைய கணினி மொழிப் புரோகிராம்களைக் கட்டிக் காத்தார். ஆபீஸில் எல்லாருக்கும் அவர் அக்கா, அவரைவிட மூத்தவர்களுக்கும்.

வீடு தேடிப் போகும் நர்ஸுகளுக்குத் தினமும் நோயாளிப் பட்டியல் எடுத்துக் கொடுப்பது அவற்றில் ஒரு புரோகிராம். டேட்டாபேஸிலிருந்து ஆட்களை எடுக்கும் எஸ்கியூஎல் வரிகளும் அதற்குள்ளேயே உண்டு. புரோகிராமைத் திருத்தி, மெஷின் ஓட்டும் வடிவுக்கு மறுபடி மாற்றும்போதெல்லாம், அதாவது கம்பைல் செய்யும்போதெல்லாம், தேதி எந்த வடிவில் என்று ஒரு ஆப்ஷனைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறந்தால் மெஷின் தன் பழைய வழக்கப்படி வருடத்துக்கு இரண்டே இலக்கம் வைத்துக்கொள்ளும். 40 என்றால் 1940, 39 என்றால் 2039 என்பது அதன் கணக்கு; அதில் 1940-க்கு முன் பிறந்தவர்களுக்கு இடமில்லை. இடமில்லாதவரைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான்.

அந்த ஆப்ஷன் எந்தத் தாளிலும் இல்லை; அக்காவின் மண்டையில் இருந்தது. வருடா வருடம் தன் வேலை நீட்டிக்கப்படுவது அதனால்தான் என்பதும் அதே மண்டையில் இருந்தது.

ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ சின்னத் திருத்தம் செய்து, ஆப்ஷன் இல்லாமலே கம்பைல் செய்தார். அக்கா திரும்பி வந்த அன்று முதல் போன் ஒரு தையற்காரியிடமிருந்து.

"ஏம்மா, எங்கம்மா உசுரோடதான் இருக்காங்க. செத்துட்டாங்கன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? சர்க்கரையால வந்த கால் புண்ணுக்கு மருந்து வைக்க நாலு நாளா ஒருத்தரும் வரல."

"அம்மா எந்த வருஷம் பொறந்தாங்க?"

"முப்பத்தெட்டு. ஏன், ரொம்ப வயசாயிட்டா வர மாட்டீங்களா?"

அக்கா ஆப்ஷனோடு மறுபடி கம்பைல் செய்து, பட்டியலை ஓட்டிப் பார்த்தார். விடுபட்டவர்கள் அறுபத்தொரு பேர். மாலைக்குள் அத்தனை வீட்டுக்கும் நர்ஸ் போயாயிற்று. தையற்காரியின் தாயாருக்கு மட்டும் புண் அழுகி, காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அக்கா பொறுப்பதிகாரி முன்னால் போய் நின்றார்.

"அந்த ஆப்ஷனைப் புரோகிராமுக்குள்ளயே எழுதிடலாம் சார். அப்புறம் யார் கம்பைல் பண்ணாலும் சரியா வரும்."

"இத்தனை வருஷம் ஏன் எழுதல?"

அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவருக்கும் தெரிந்த பதில்தான்.

"யார் பண்ணாலும் வரும்னா, நீங்க எதுக்குன்னு மேல கேப்பாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க அக்கா."

"பத்தொம்பது வருஷமா அதைத்தான் சார் யோசிச்சிட்டிருந்தேன்."

அந்த வருடக் கடைசியில் வேலை நீட்டிப்பு வரவில்லை. அதற்குள் அவர் தேதி கையாளும் நாற்பத்து மூன்று புரோகிராம்களிலும் முதல் எஸ்கியூஎல் வரியாக அந்தத் தேதி ஆப்ஷனை எழுதி, ஒவ்வொன்றையும் பக்கத்து மேஜைக்காரர் கையாலேயே கம்பைல் செய்ய வைத்து, 1940-க்கு முன் பிறந்த ஒருவரின் பெயர் வருகிறதா என்று பார்த்து முடித்திருந்தார்.