பெட்டி மூடியில் கிபூஸ்கோவா

அந்துருண்டை வாசனை வந்தாலே திருமயத்து வீட்டுத் தகரப் பெட்டி எனக்குள் திறந்துகொள்ளும். பர்மாவுக்குக் கப்பலேறுமுன் அப்பா அதன் மூடிக்குள் பழைய பூகோளப் புத்தகத் தாள் ஒன்றை ஒட்டியிருந்தார். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது; அது அப்பா போன ஊரைப் பற்றிய தாள் என்றே நினைத்திருந்தாள்; வெள்ளிக்கிழமைதோறும் சேலை எடுக்கையில், "ஒங்கப்பா இருக்கிற ஊரு எப்படின்னு வாசி" என்பாள். கிபூஸ்கோவா சின்ன மாகாணம், கடலோரம், மலைகள், ஓயாத தூறல், இரும்புப் பட்டறைகள், மீன்பிடிப் படகுகள் என்று நானும் நம்பி வாசிப்பேன்.

பர்மாவில் சண்டை வந்து அப்பாவின் கடிதங்கள் நின்றுபோயின. அந்த ஊர் ஸ்பெயினில் இருப்பதைப் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்த அன்று, அப்பா எங்கேதான் இருக்கிறார் என்று குழம்பினேன். ஆத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாசிக்கையில் தூறலை விட்டுவிட்டேன்.

"தூறலையும் சொல்லு," என்றாள். "அவரு நனைஞ்சுக்கிட்டுல்ல இருப்பாரு."