கோயில் வாசலில் பிரெஞ்சு மேயர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்றில் வேலை செய்தேன். அதற்கு முன் சில வருடம் பிரான்சில் இருந்ததால் எனக்குப் பிரெஞ்சு தெரியும். பிரெஞ்சு நகரமொன்றின் மேயர் விருந்தினராக வந்தபோது மொழிபெயர்க்க என்னையே போட்டார்கள்.

அவரை எனக்குத் தெரியும். எண்பதுகளில் நான் அங்கே அகதியாக இருந்தபோது அவர் வலதுசாரிக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று தொலைக்காட்சியில் பேசுவார். பிறகு தேர்தலில் தோற்று, சொந்த ஊருக்குப் போய் மேயரானார். என் தம்பி இருந்ததும் அந்த ஊரில்தான். அவன் கட்டவிருந்த பெண்ணின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அங்கே கலியாணத்தை மேயர் அலுவலகத்தில்தான் செய்யவேண்டும். அவர்களோ நாள் தராமல் இழுத்தடித்தார்கள். அதற்குள் அவளைப் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்று தம்பிக்குப் பயம்.

"அக்கா, ஒருக்கா அவரிட்டைக் கேட்டுப் பாருங்கோ," என்றான் போனில்.

"விசர் வேலை பாக்காதை," என்றார் கணவர். "கவுன்சிலுக்குத் தெரிஞ்சா உன்ரை வேலை போயிடும்."

காலை முழுவதும் மேயரின் பேச்சை மொழிபெயர்த்தேன். மத்தியானம் விருந்தினரை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மற்றவர்கள் உள்ளே போய்விட, அவர் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் வேறு நேரம் இல்லை.

தம்பியின் பெயரையும் கதையையும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "இதைக் கேட்கத்தான் கவுன்சில் உங்களை அனுப்பியதா?"

"இல்லை. நீங்கள் அவர்களிடம் சொன்னால் என் வேலை போய்விடும்."

"அகதிகளைத் திருப்பி அனுப்பும் சட்டங்களுக்குப் பாராளுமன்றத்தில் கை உயர்த்தியவன் நான். இன்றைக்கும் உயர்த்துவேன்."

"தெரியும். அப்போது நான் அங்கேதான் இருந்தேன்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். ஐயர் சொன்னதையெல்லாம் அவர் காதருகே நின்று மொழிபெயர்த்தேன். மாலையில் மேலாளர் கூப்பிட்டபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

அடுத்த கிழமை தம்பி போன் எடுத்தான். "அக்கா, நாள் குடுத்திட்டினம்!"

கலியாணத்துக்குப் போனேன். மேயரே தோளில் பிரெஞ்சுக் கொடியின் மூவர்ணப் பட்டி அணிந்து நின்று, சட்ட வாசகங்களை வேகமாக வாசித்தார். எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் கை கொடுத்தார். லண்டனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்த தேர்தலில் மறுபடி பாராளுமன்றத்துக்கு நின்றாராம். மேடைகளில் பழைய பேச்சையே பேசினார் என்று தம்பி சொன்னான். தோற்றார். மேயராக மட்டும் இருந்தார்.