சாய்ப்பில் வைத்த சுண்ணாம்பு

மகாராஜா ஆட்சி நடந்த காலம். நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. ஓர் ஐப்பசி மாதம், என் இரண்டாவது மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் நடந்தது இது.

இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்ட என் மைத்துனர்கள் வருவார்கள். அவர்கள் வீடு ஓட்டு வீடு, சுவரெல்லாம் பளிச்சென்று இருக்கும். எங்களுடையது மண்சுவர், ஓலைக்கூரை. மழையடித்து வெளிச்சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறை. வருடா வருடம் வந்து வெள்ளையடிக்கிற ஆள் காட்டாக்கடைப் பக்கம் ஒரு பங்களா வேலைக்குப் போயிருந்தார். அடுத்த மாதம்தான் திரும்புவார் என்றார்கள். சரி, நாமே அடித்துவிடுவோம் என்று இறங்கினேன். எத்தனை வருடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த வேலை! கச்சேரியில் கேலி செய்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதோடு விட்டேனா? திருவனந்தபுரத்தில் ஓர் அதிகாரியின் பங்களாவைப் பார்த்திருந்தேன். வாசல்வரை வெள்ளை மணல், இருபுறமும் குரோட்டன்ஸ் செடி. அதே மாதிரி நம் முற்றமும் இருந்தால் என்ன என்று ஆசை. இரண்டு வண்டி ஆற்றுமணல் இறக்கினேன். மண்வெட்டி எடுத்து மேடு பள்ளத்தை நிரவினேன். கை கொப்புளித்தது. இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை, கடற்கரைப் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக்குச் சிப்பி சுட்டு விற்கிற ஒரு பெண் இரண்டு கடவம், அதாவது பெரிய ஓலைப்பெட்டி, நிறையச் சுமந்து வந்தாள். அவளுடைய சாதிக்காரர்கள் எங்கள் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். கடவங்களை வேலிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வழக்கமாக வெள்ளையடிப்பவரே போய் வாங்குவார். அன்று நான் போனேன்.

"ஏமானே, இதெ இண்ணைக்கே நீத்திப் போடணும். அதுவரைக்கும் தண்ணி படாம பாத்துக்கிடணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்பைப் பற்றி இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா? சரி சரி என்றேன். காலிக் கடவத்தை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

நீற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. இதுதான் உண்மை. வெள்ளையடிப்பவர் அந்த வேலையை வீட்டுக்குப் பின்னால், குழியில் செய்வார். நான் பார்த்ததெல்லாம் அவர் சுவரில் பூசுவதைத்தான். சுட்ட சிப்பியின் மேல் தண்ணீர் பட்டால் அது கொதித்து வெடித்துப் பொடியாகும், அந்தச் சூடு ஓலையைப் பற்ற வைக்கும் என்பதெல்லாம் எனக்கு யார் சொல்வார்கள்? சொல்ல வந்தவளையும் அனுப்பிவிட்டேன்.

கடவங்களைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டின் பக்கவாட்டில் கூரையைச் சரித்து இறக்கிய சாய்ப்பில் வைத்தேன். கூரை மேய முடைந்த ஓலைகளை அங்கேதான் அடுக்கியிருந்தோம். நனையக் கூடாதென்று கடவங்களின் மேலேயும் இரண்டு ஓலையை எடுத்து மூடினேன். என் புத்தி அவ்வளவுதான். அந்தச் சாய்ப்பை ஒட்டித்தான் பேறு கிடக்கிற அறை. அதற்கு ஒரே வாசல், சாய்ப்புக்குள் திறக்கும். உள்ளே என் மனைவியும் குழந்தையும்.

ஞாயிறு காலை முழுவதும் முற்றத்தில் மணல் பரப்பினேன். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது இடியோடு மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று ஏதோ வெடிக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். சாய்ப்பில் ஒரே ஆவி. கூரையின் ஒழுக்கு சரியாகக் கடவத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மூடியிருந்த ஓலை கருகிப் புகைந்தது. நான் என்ன செய்தேன்? குடத்தை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினேன். சுண்ணாம்பு இன்னும் பொங்கிச் சீறியது. அடுக்கி வைத்த ஓலையில் தீ பிடித்தது. அறை வாசல் புகையில் மறைந்துவிட்டது. அடுத்த குடத்துக்கு ஓடினேன்.

"ஊத்தாதீங்க ஏமானே, மண்ணு வாரிப் போடுங்க" என்று வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

கடவத்துக்காக வந்தவள் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியிருக்கிறாள். நான் குடத்தோடு விழித்துக்கொண்டு நின்றேன். அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. வேலியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி வந்து, எரிகிற ஓலைகளை இழுத்து மழையில் எறிந்தாள். நனைந்த துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கொதிக்கிற சுண்ணாம்பை மிதித்தே அறைக்குள் போனாள். வெளியே வரும்போது கையில் என் மகள். பின்னால் அவள் தோளைப் பிடித்தபடி இருமிக்கொண்டு என் மனைவி. அதன் பிறகுதான் எனக்குக் கை கால் வந்தது. காலையில் அழகு பார்த்துப் பரப்பிய மணலை வாரி வாரிக் கொட்டினேன். அவளும் சேர்ந்து கொட்டினாள். தீ அடங்கியது.

பேறு பார்க்க வந்திருந்த என் அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். குழந்தை பிழைத்ததற்குத் தெய்வத்தைக் கூப்பிட்டு அழுதார். கொஞ்சம் ஆறியதும், அந்தப் பெண் நிற்கும்போதே, அறையெல்லாம் சாணித் தண்ணீர் தெளிக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்.

என் மனைவி அதிர்ந்து பேசத் தெரியாதவள். அன்று சொன்னாள்: "அத்தை, பேறு கழியிறது வரைக்கும் நானும் தீட்டாக்கும். என்னையும் அவ கூட வேலிக்கு வெளிய நிறுத்துங்க."

அத்தை அடுக்களைக்குத் திரும்பிப் போனார்.

அந்தப் பெண்ணின் பாதம் இரண்டும் வெந்து சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தேன். கையில் கொடுக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். யோசித்துச் செய்யவில்லை, பழக்கம். என் பிள்ளையைத் தூக்கி வந்த கை அது என்று கிண்ணத்தை அவள் குனிந்து எடுக்கும்போதுதான் உறைத்தது. அவள் எதுவும் நினைத்த மாதிரி தெரியவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

மறுவாரம் வேறு சிப்பி கொண்டு வந்தாள். உள்ளே வந்து வையேன் என்றேன். அக்கம்பக்கத்தில் கேட்காதபடி மெல்லத்தான் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. "இங்கனயே இருக்கட்டு ஏமானே" என்று வேலிக்கு வெளியே இறக்கினாள். எப்படி நீற்ற வேண்டும் என்று நானே கேட்டேன். அவள் அங்கே நின்று சொல்லச் சொல்ல, குழியில் நான் செய்தேன். சுவர் நன்றாகவே வெளுத்தது. மைத்துனர்கள் பாராட்டினார்கள். முற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. மணலில் பாதி சாய்ப்புக்குள் கிடந்தது.

அந்த மகளுக்கு இன்று இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். உள்ளே வரலாமா என்று அவள் அன்று வேலியருகில் நின்று என்னிடம் கேட்டிருந்தால், நான் கட்டாயம் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பேன். அந்த ஒரு நிமிஷம் என் மகளுக்கு இருந்திருக்காது.