கிணற்றுக்கு அந்தப் பக்கம் வைத்த குலுக்கை

என் வீட்டுக்காரருக்கு ஓர் அக்காள் உண்டு. நான் மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணமான மூணாம் வருசமே புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து இருந்தவர். ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனபோது அவருக்கு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். மூட்டு வாதத்தில் கால் ரெண்டும் இறுகிப்போயிருந்தன. மெதுவாக நடப்பார், முக்காலியில் உட்காருவார், முழங்காலை மட்டும் முழுசாக மடக்க வராது. எனக்கு அப்போது இருபத்திரெண்டு. திண்டுக்கல்லிலேயே பிறந்து திண்டுக்கல்லிலேயே வாக்கப்பட்டும் என் வாய்க்கு ஒரு பூட்டு அகப்படவில்லை.

முழங்கால் மடங்காததில் மதினிக்குப் பெரிய துக்கம் கோயிலில்தான். அந்தக் காலத்தில் எங்கள் மாதா கோயிலில் பெஞ்சு ஏது? எல்லாரும் தரைதான். பூசையில் மணி அடித்ததும் அத்தனை சனமும் முழந்தாள்படியிடும். மதினி மட்டும் பின்தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பிள்ளை, "இந்தம்மா ஏன் சாமிக்கு முட்டி போடல?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டது. அன்றைக்கு மதினி சோற்றைத் தொடவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை அதைவிட மோசம். சிலுவையில் தொங்குகிற இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தைப் பீடத்துக்கு முன்னால் தரையில் மெத்தை போட்டுக் கிடத்தியிருப்பார்கள். ஒவ்வொருவராகப் போய் முழந்தாளில் குனிந்து அதன் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்ய வேண்டும். அஞ்சு வருசமாக மதினி அந்த வரிசையிலேயே நிற்கவில்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மண்டி போட்டு முத்தி செஞ்சிட்டேன்னா போதும் தாயி. அப்புறம் காலு என்னமும் ஆகட்டும்" என்பார்.

செம்பட்டியில் ஒரு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். வைத்தியர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. நொச்சியிலையும் ஆமணக்கிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் நாற்பது நாள் விடாமல் வேது பிடிக்கச் சொன்னார். தலைக்குப் போர்வை போட்டுப் பிடிக்கிற சளி வேது இல்லை. உடம்பு முழுக்க ஆவியில் இருக்க வேண்டுமாம். விடியலில், வெறும் வயிற்றில். வேர்த்து முடிந்ததும் துடைத்துக்கொண்டு, மேலில் காற்றுப் படாமல் உடனே கதவடைத்த அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். மதினி வண்டியில் திரும்பி வரும்போதே நாளை எண்ணிவிட்டார். தவக்காலமும் நாற்பது நாள். சாம்பல் புதனில் ஆரம்பித்தால் பெரிய வெள்ளிக்கு முழங்கால் மடங்கிவிடும்.

முழு உடம்பும் ஆவியில் இருக்க இடம்? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தானியம் கொட்டுகிற மண் குலுக்கை ஒன்று சும்மா கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சந்தில் களிமண் பூசியது. அதை உறை உறையாகப் பிரித்து வண்டியில் கொண்டுவந்து, முன்பக்கம் வாசல் வெட்டி, உள்ளே ஒரு முக்காலியும் காலடியில் வேதுப் பானையும் வைத்துக் கம்பளியால் மூடிவிட்டால் தீர்ந்தது. அந்த மூளைக்கு ஒரு படிப்பு மட்டும் கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

குலுக்கை வந்து இறங்கியது. எங்கே வைப்பது என்பதில்தான் நான் கெடுத்தேன்.

மதினி கேட்டது அடுப்படியின் பின்வாசலை ஒட்டி, சுவரோரமாக. அடுப்பில் கொதிக்கிற பானையை நாலு எட்டில் கொண்டுபோகலாம், வேர்த்ததும் நாலு எட்டில் உள்ளே வந்துவிடலாம். ஆனால் அந்தச் சுவரில்தான் என் தையல் அறை ஜன்னல். கோயிலில் முதல்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். தவக்காலம்தான் எனக்கு வேலை மும்முரம். ஊரிலேயே என் கை லேஸ் வேலைக்குப் பேர் உண்டு, அந்தத் திமிரும் உண்டு.

"அம்புட்டு ஆவியும் என் ஜன்னல் வழியா வந்தா மிஷின் துருப்பிடிச்சுப் போகும். வெள்ளைத் துணியெல்லாம் நொச்சி நாத்தம் அடிக்கும். யாரு வாங்குவா?" என்று வண்டிக்காரர் முன்னாலேயே கத்தினேன். என் வீட்டுக்காரர் அக்காள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நல்ல மனுசன்தான், ஆனால் ரெண்டு பொம்பளைகளுக்கு நடுவில் நிற்க அவருக்குத் தைரியம் பத்தாது.

மதினிதான் சொன்னார். "சரி தாயி, நீ சொல்றதும் நாயந்தான். கெணத்துக்கு அந்தப் பக்கம் வச்சிருவோம்."

கிணற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் கொல்லைக் கடைசி, கள்ளிவேலி ஓரம். என் நடைக்கே எழுபது எட்டு வைக்க வேண்டும். அவருக்கு எத்தனை எட்டோ, நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஜன்னலை அந்த நாற்பது நாளும் சாத்தி வைத்திருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்? இன்றைக்குத் தோன்றுகிற இந்தச் சின்ன யோசனை அன்றைக்கு என் மண்டையில் உதிக்கவே இல்லையே, சண்டாளி!

சாம்பல் புதனன்று ஆரம்பித்தார். மாசிப் பனி கொட்டுகிற நேரம். சிறுமலைப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும். குலுக்கைக்குப் பக்கத்தில் மூணு கல்லைக் கூட்டி, தானே தண்ணீர் காய்ச்சி, தானே பானையை இழுத்து வைத்துக்கொள்வார். முடிந்ததும் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பனியில், ஒரு கையால் கிணற்றுச் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார்.

ஆனாலும் வேது வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பதினஞ்சாம் நாளோ பதினாறாம் நாளோ, அடுப்படியில் ஆட்டுரலைப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு தாயி" என்று மெல்ல இறங்கினார். பாதிக்கு மேல் முழங்கால் மடங்கியது! சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. இன்னும் செத்த தூரந்தான் மதினி என்றேன்.

அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது. முதலில் லேசாக. நான் மிஷின் மிதிக்கிற சத்தத்தையும் தாண்டிக் கேட்க ஆரம்பித்ததும், ஒருநாள் தையல் அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் குலுக்கைய இந்தச் செவுத்தோரமா மாத்திக்கிடலாமா தாயி? வரும்போது காத்து மேலுல அடிக்குது."

மடியில் ஒரு கவுன், கட்டிலில் அஞ்சு கவுன். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "இந்தக் கவுனையெல்லாம் குடுத்து முடிச்சிட்டு மாத்திருவோம் மதினி" என்றேன். கவுன் கொடுத்து முடிப்பது என்றால் பெரிய வெள்ளியும் தாண்டி, உயிர்ப்புப் பாஸ்காவுக்குப் பிறகு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். மார்ச்சளி கட்டி மூச்சு இழுத்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டு, வேதும் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டார். ரெண்டு வாரம் படுக்கை. எழுந்தபோது இளகியிருந்த முழங்கால் பழையபடி, இல்லை, முன்னைவிடக் கெட்டியாக இறுகிவிட்டது. நான் ராவும் பகலும் கஞ்சி வைத்தேன், கால் பிடித்துவிட்டேன். அதெல்லாம் எதற்கு ஆகும்? எத்தனையோ பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று ஒப்பித்திருக்கிறேன். இதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

பெரிய வெள்ளியன்று வரவே மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வரிசையிலும் நின்றார். எனக்கு முன்னால் ஒவ்வொரு எட்டாக நகர்ந்து சுரூபத்துக்கு முன்னால் போனதும், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கால் மடங்கவில்லை. பின்னால் சனம் காத்துக்கொண்டு நிற்கிறது. பூசைக்கு உதவி செய்கிறவர் சுரூபத்தைத் தூக்கிக் காட்டவா என்று கை நீட்டினார். மதினி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் சேத்து நீயே முத்தி செஞ்சிரு தாயி."

குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் என்னை இன்னமும் அறுக்கிறது. நான் முழந்தாளிட்டேன். என் கால் ரெண்டும் அம்புட்டுச் சுளுவாக மடங்கின. முதல் முத்தம் அவருக்காக, ரெண்டாவது எனக்காக. எழுந்து திரும்பினேன். மதினி கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். சுரூபத்தைப் பார்க்கவில்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.