இரண்டாவது ஸ்லைடு

காலை பத்தே முக்காலுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. புள்ளியியல் துறையின் கருத்தரங்கக் கூடத்தில் என் பெண் சுபா இரண்டாவது ஸ்லைடைக் காட்டி வாயைத் திறந்த நேரம். முதல் வரிசையில், பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜியின் எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கி, "ஒரு மினிட்டு" என்றார். அந்த ஒரு நிமிடம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஆய்வாளர் துறையின் முன்னால் நின்று தன் வேலையை விளக்க வேண்டும். யாரும் வந்து கேட்கலாம். துறையும், வெளியிலிருந்து வரும் நிபுணரும் சரி என்றால்தான் மேலே போக முடியும். இல்லையென்றால் இன்னொரு வருடம். சுபாவுக்குப் பேசி வைத்திருக்கும் கல்லூரி வேலையும் போய்விடும். தோப்பும்படித் துறைமுகத்தில் கணக்கில் வராமல் போகும் மீனை, கணக்கில் வந்ததைக் கொண்டு மதிப்பிடுவதுதான் அவள் ஆய்வு. மட்டாஞ்சேரியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் வருடக்கணக்காக அதுவே பரந்து கிடந்தது.

நான் விருதுநகரில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். அங்கே சிறப்புச் சொற்பொழிவு என்றால் பொன்னாடை, ரோஜாப்பூ, ஒருவருக்கும் புரியாத உரை. "கேள்வி உண்டா?" என்றதும் கூடமே தன் செருப்பைப் பார்க்கும். நன்றியுரை, காப்பி, வீடு. அது மரியாதை அல்ல, சோம்பல் என்று அன்றே ஏளனம் செய்தவள் நான். முப்பது வருடம் கழித்து, கல்யாணமாகி வந்த இந்த மலையாள ஊரில், அந்தச் சோம்பலுக்காக என்னை ஏங்க வைத்துவிட்டார்கள்.

"இதில் மாத்ஸ் எவிடெ?" என்று, கணக்கு எங்கே என்று, கேட்டார் கணிதக்காரர், பஸ்ஸில் விட்ட குடையைத் தேடுகிறவரைப் போல. பக்கத்திலிருந்த புள்ளியியல்காரருக்குப் பொறுக்கவில்லை. "மாஷே, தியரம் வறுத்துத் தின்னான் பற்றுமோ?" தேற்றத்தை மீன் மாதிரி வறுத்துத் தின்ன முடியுமா சார் என்கிறார். கூடம் சிரித்தது. பிறகு இரண்டு துறைகளின் பழைய பகை முழுவதும் என் பெண்ணின் தலைக்கு மேலே பறந்தது. தெருக்குழாய்ச் சண்டைக்கு இதைவிட ஒழுங்கு உண்டு. குடம் நிரம்பினால் அங்கே நிறுத்திவிடுவார்கள்.

"எம் பொண்ணப் பேசவே விட மாட்டேங்கறாங்களே" என்று பக்கத்திலிருந்த ஆய்வு மாணவியிடம் சொன்னேன்.

"பேடிக்கண்டா சேச்சி. இதுதன்னெ டாக்" என்றாள். பயப்படாதீர்கள், பேச்சு என்பதே இதுதான் என்கிறாள். கிண்டல் செய்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சுபா அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அவளோ மார்க்கரை எடுத்துப் பலகையில் எழுதத் தொடங்கினாள். "மாஷ் பறஞ்ஞது சரியாணு, பக்ஷே..." என்று பதிலுக்குப் பாய்ந்தாள். சார் சொன்னது சரிதான், ஆனால் என்கிற வரைக்கும் புரிந்தது. அதற்கு மேல் எனக்குப் பிடிபடாத வேகத்தில் மலையாளம். வீட்டில் என்னிடம் தமிழில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், இந்த மரியாதை கெட்ட மனிதர்களோடு கண் மின்னச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் நம்பிக்கையெல்லாம் அந்த வெளி நிபுணர்மேல் இருந்தது. தமிழ்நாட்டுப் பேராசிரியர். ரயில் தாமதம் என்றார்கள். நம் மனுஷர் வந்தால் இவர்களை ஒரு பார்வையில் அடக்குவார் என்று வாசலையே பார்த்திருந்தேன்.

ஒருவழியாகக் கேள்விகள் ஓய்ந்து, எல்லாரும் நாற்காலியில் சாய்ந்தபோது அவர் வந்தார். நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. நிற்பது நானும், மேடையில் என் பெண்ணும்தான்.

"எந்த ஊரும்மா?" என்றார் என்னிடம்.

"விருதுநகர் சார். இவ என் பொண்ணு."

"அப்படிப் போடு! நம்ம பக்கம்!"

"சார், முதல்லேருந்து காட்டட்டுமா?" என்றாள் சுபா, பலகையை அழிக்காமல்.

அவர் திரையின் பக்கம் திரும்பவேயில்லை. அத்தனை கேள்விக்கும் சுருங்காத என் பெண்ணின் முகம் அப்போது சுருங்கியது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தபடி சொன்னார்:

"எதுக்கும்மா? நம்ம ஊர்ப் பொண்ணு, நல்லாத்தான் பண்ணியிருப்பே. கையெழுத்து எங்க போடணும்?"